காதால் பார்த்த பினாங்கு

வியாழன்

சென்னையிலிருந்து பினாங்குக்கு இப்போது நேரடி விமானம் இருக்கிறது. ஏறிக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, பஸ் பிடித்து பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் வந்து சேர்ந்தேன். அறை சூலியா தெருவுக்குப் பக்கத்தில். ஜன்னலைத் திறந்தால் எதிரே பழைய ஓட்டு வீடுகள், கீழே தே தாரிக் என்ற பால் தேநீரை ஆற்றும் ஒட்டுக்கடை.

எதற்காக வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நாகப்பட்டினத்தில் ஓவிய ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து 'எங்கள் தெரு' என்று ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவை வரைய வேண்டும், வீட்டிலிருக்கும் செல்போனில் தெருவின் சத்தங்களைப் பதிவு செய்ய வேண்டும், பெரியவர்களிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் சேர்த்து வைக்கப் போகிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் கடற்கரையை விட்டு உள்ளே புதிதாகக் கட்டிய வீடுகளுக்குப் போய்விட்டன. அங்கே பிறந்த பிள்ளைக்குத் தாத்தா வீடு எங்கே இருந்தது என்று தெரியாது. காட்டுவதற்கு வீடும் இல்லை. கேட்டுத்தான் வரைய வேண்டும். இந்த வேலை என் மனசுக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

பினாங்கைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. இங்கே ஆர்ட்ஸ்-எட் என்ற அமைப்பு 1999-இல் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த ஜேனட் பிள்ளை தொடங்கி வைத்தது. பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், தெருவில் இருக்கும் கைத்தொழில்காரர்களிடம் உட்கார வைத்து, கேட்டதையும் பார்த்ததையும் நாடகமாக, ஓவியமாக, வரைபடமாக ஆக்கச் சொல்வது அவர்கள் வழி. கலையை மேடைக்கு என்று வைத்துக்கொள்ளாமல், ஊரைத் தெரிந்துகொள்ளும் கருவியாக எடுத்துக்கொண்டவர்கள். ஜார்ஜ் டவுனில் மட்டுமல்ல, தீவின் மறுபக்கம் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் பாலிக் புலாவிலும் வேலை செய்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து இந்த ஊரை நடந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது.

இங்கே எனக்கு ஒரு தோழி இருக்கிறார். பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழச்சி, அவரும் ஓவிய ஆசிரியை. சனிக்கிழமை தன் மாணவர்களோடு என்னையும் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை ஊர் எனக்கு.

வெள்ளி

காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டேன். எட்டரைக்கு மேல் ஆர்மேனியன் தெருவில் கால் வைக்க முடியாது என்று தோழி சொல்லியிருந்தார்.

அந்தத் தெருவில்தான் சைக்கிள் ஓட்டும் அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். சுவரில் ஒரு நிஜ சைக்கிளைப் பொருத்தி, அதன்மேல் இரண்டு பிள்ளைகளை வரைந்திருக்கிறார் எர்னஸ்ட் சகரெவிச். லித்துவேனியாவில் பிறந்த ஓவியர். 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்காக அவர் நகரத்தின் பல சுவர்களில் வரைந்தார். ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும் பையன், முன்ட்ரி தெருவில் ஜன்னல் மேடைகளில் கையூன்றித் தொங்கும் நீலச் சட்டைச் சிறுமி, கேனன் தெருவில் நாற்காலி மேல் ஏறி எட்டும் பையன். நம் ஊரில்கூட இந்தப் படங்களைச் செல்போனில் பார்க்காதவர்கள் குறைவு.

நான் போனபோது மூன்று பேர்தான் இருந்தார்கள். பத்து நிமிடத்தில் வரிசை நின்றுவிட்டது. சைக்கிளின் பின்சீட்டில் உட்காருவது போல நின்று, சிரித்து, படம் எடுத்து, அடுத்தவருக்கு இடம் விடுகிறார்கள். ஓவியம் உண்மையிலேயே அழகு. அந்தத் தம்பியின் முகத்தில் இருக்கும் கத்தலும், அக்காவின் சட்டையை அவன் இறுக்கிப் பிடித்திருக்கும் விதமும், சைக்கிள் ஓட்டிய எல்லாருக்கும் தெரிந்தது. இந்த ஊரிலேயே இருந்த ஒரு அக்கா தம்பியைப் பார்த்துத்தான் வரைந்தார் என்பதும் நல்ல விஷயம். ஆனால் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில், யாரும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் கடையையோ அந்தப் பக்கம் இருக்கும் வீட்டையோ திரும்பிப் பார்க்கவில்லை. சுவர் மட்டும் போதுமாக இருந்தது.

அந்தப் பிள்ளைகளைவிட எனக்கு அதிகம் பிடித்தது இரும்புக் கம்பியில் வளைத்த கேலிச்சித்திரங்கள். இவை சகரெவிச்சின் ஓவியங்களுக்கு முன்பே தொடங்கிய திட்டம். யுனெஸ்கோ 2008-இல் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்ததும், ஊரை அடையாளப்படுத்த என்ன செய்யலாம் என்று மாநில அரசு யோசனைப் போட்டி வைத்தது. ஸ்கல்ப்சர் அட் வொர்க் என்ற குழு ஜெயித்தது. கறுப்புக் கம்பியை வளைத்து, காற்றில் கோடு போட்டதுபோல 52 சித்திரங்கள். ஒவ்வொன்றும் தான் நிற்கும் தெருவைப் பற்றியே பேசுகிறது.

கேனன் தெருவில் உள்ளது 1867 கலவரத்தைச் சொல்கிறது. கீ ஹின், தோ பெ கோங் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் பத்து நாள் இந்தத் தெருக்களில் மோதிக்கொண்டன. அவர்களோடு மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் இருந்த வெள்ளைக்கொடி, செங்கொடிச் சங்கங்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டன. பீரங்கிக் குண்டு விழுந்து பள்ளமான இடம் தெருவுக்குப் பெயரானது. அதை ஒரு சித்திரக்காரர் வேடிக்கையாகச் சொல்லும்போது, தெருவில் நடக்கும் ஆளும் நின்று காலுக்குக் கீழே பார்க்கிறார். கயிறு திரித்த தெருவில் கயிறு. பிறகு காலணி வடிவமைப்பில் உலகப் பேர் வாங்கிய ஜிம்மி சூ செருப்புத் தைக்கப் பழகிய இடத்தில் அவர். பெரிய அறிவிப்புப் பலகை இல்லை, பாடம் நடத்தும் தொனியும் இல்லை. பார்க்கிறவர் அதன் பிறகு அந்தத் தெருவைப் பார்க்கிறார். இதைத்தான் நான் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: வரைந்ததைப் பார்த்த பிறகு ஆள் தெருவைப் பார்க்க வேண்டும்.

மத்தியானம் மஸ்ஜித் கேப்டன் கெலிங் தெரு. பழைய பெயர் பிட் தெரு. ஒரே தெருவை ஒட்டி 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், அடுத்த தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், கடைசியில் நம் தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முகைதீன் கட்டிய கேப்டன் கெலிங் பள்ளிவாசல். ஜும்மா முடிந்து ஜனம் வெளியே வந்தபோது பள்ளிவாசல் வாசலில் கேட்ட பேச்சில் பாதி தமிழ், பாதி மலாய். எந்த மொழியில் தொடங்கினார்கள், எந்த மொழியில் முடித்தார்கள் என்று பிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் க்யூஆர் ஒட்டிய பலகை ஒன்று கண்ணில் பட்டது. ஸ்கேன் செய்தால் பக்கமே இல்லை. பலகை புதிசாகப் பளபளவென்று இருக்கிறது, அது காட்டிய பக்கம் எப்போதோ போய்விட்டது. எதிர்ச்சுவரில் மழையிலும் வெயிலிலும் மங்கிய கடை விளம்பரத்தில் இன்னும் எழுத்து தெரிகிறது. எங்கள் வரைபடத்துக்கு இது பெரிய எச்சரிக்கை. பிள்ளைகள் சேர்த்த குரல்களை ஏதோ ஒரு நிறுவனத்தின் இலவச இடத்தில் மட்டும் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஒலிக்கோப்பு ஒரு பிரதி பள்ளியில் இருக்க வேண்டும், ஒரு பிரதி பேசினவர் வீட்டில் இருக்க வேண்டும்.

சனி

இன்றைக்குத்தான் வந்த காரியம்.

தோழியின் மாணவர்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரர்கள். தமிழ், சீனம், மலாய் என்று மூன்று வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் என்னை "டீச்சர், நீங்க நாகப்பட்டினமா? நாகூர் பக்கமா?" என்று பிடித்துக்கொண்டார்கள். நாகூர் அவர்களுக்கு அந்நியமில்லை. சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. எங்கள் ஊர் சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவில் இங்கே வந்த வணிகர்களும் மாலுமிகளும் எழுப்பியது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் ஒன்று உண்டு. கடலில் போனவர்கள் போகிற இடத்திலெல்லாம் தங்கள் காவலரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இன்றைய வேலை ஒலிநடை. கனடாவில் மரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் 1960-களின் கடைசியில் தொடங்கி வைத்த முறை. ஓர் ஊருக்கு என்னென்ன ஒலிகள் அடித்தளமாக இருக்கின்றன, எந்த ஒலி அந்த ஊருக்கே உரியது என்று கேட்டுப் பதிவு செய்வது. 1975-இல் அவர் குழு ஐரோப்பாவில் ஐந்து கிராமங்களுக்குப் போய் இதையே செய்தது. அப்போது பெட்டி பெட்டியாக டேப் ரெக்கார்டர் வேண்டும். இப்போது பையில் இருக்கும் செல்போன் போதும்.

தோழி போட்ட விதிகள் எளிமை. முதல் கால் மணி நேரம் யாரும் போனை எடுக்கக் கூடாது. பேசவும் கூடாது. நடக்க வேண்டும், கேட்க வேண்டும். அப்புறம் ஓர் இடத்தில் உட்கார்ந்து, நோட்டில் நடுவில் தன்னை ஒரு புள்ளியாக வைத்து, சுற்றிலும் கேட்டதை எல்லாம் கோடாக, சுழியாக, வடிவமாக வரைய வேண்டும். தூரத்து ஒலி தூரத்தில், பக்கத்து ஒலி பக்கத்தில். வரைந்து முடித்த பிறகுதான் எந்த ஒலியைப் பதிவு செய்வது என்று முடிவு செய்யலாம். ஒருவருக்கு ஒன்றே ஒன்று.

இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எங்கள் பிள்ளைகள் போனைக் கையில் எடுத்ததும் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், ஆனால் எதையும் கேட்பதில்லை. முதலில் காது, அப்புறம் கை, கடைசியில் கருவி. ஊருக்குப் போனதும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

லிட்டில் இந்தியாவில் நடந்தோம். பாட்டுக் கடை ஸ்பீக்கர், பணம் மாற்றும் கடையில் நோட்டு எண்ணும் மிஷின், கரும்பு பிழியும் இயந்திரம், பூக்கட்டும் அம்மாவின் கத்திரிக்கோல், கோயில் மணி, தூரத்தில் பாங்கு, சைக்கிள் ரிக்ஷாவில் கட்டிய ஸ்பீக்கர். பிள்ளைகளின் நோட்டுகளில் இவையெல்லாம் வந்தன. ஒரு பையன் நோட்டு எண்ணும் மிஷினை ஓடும் குதிரை மாதிரி வரைந்திருந்தான். ஒரு பெண் கத்திரிக்கோல் சத்தத்தைச் சின்னச் சின்ன மீன்களாகப் போட்டிருந்தாள்.

கடைசியாக ஒரு சீனப் பெண் தன் நோட்டைக் காட்டினாள். அவள் வீடு சந்துக்குள் இருக்கும் பழைய கடைவீடு. அவள் வரைந்திருந்தது முழுக்க ஒரே மாதிரி சின்னச் சின்னக் குறுக்குக்கோடுகள், பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. என்ன என்று கேட்டோம். பெட்டிச் சக்கரம் என்றாள். இங்கே கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை தொடர்ச்சியாகப் போகும். தரையில் பழைய பூவேலைத் தளக்கற்கள். ஊர் சுற்ற வருபவர்கள் இழுத்துக்கொண்டு போகும் பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு கல்லின் இடுக்கிலும் தடக் தடக்கென்று விழும். "அடுத்த வீட்டுப் பாட்டி இருந்தப்போ இந்தச் சத்தம் இல்லை. இப்போ அந்த வீடு ஹோட்டல். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கேட்கும்" என்றாள். தோழி மொழிபெயர்த்துச் சொன்னார். எங்கள் தெருவின் ஒலி எது என்றால் இதுதான் என்று அவள் அதையே பதிவு செய்தாள்.

ஜார்ஜ் டவுனின் கடந்த இருபத்தைந்து வருடக் கதை முழுக்க அந்த ஒரு ஒலியில் இருக்கிறது. இங்கே பழைய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் குடும்பங்கள் கீழே தொழிலும் மேலே குடித்தனமுமாக வாழ்ந்தன. 2000 ஜனவரி முதல் தேதி அந்தச் சட்டம் விலகியது. வாடகை ஏறியது, ஜனம் வெளியேறியது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியல், 2012-இல் சுவரோவியங்கள், அதன் பிறகு ஊர் சுற்ற வருபவர்கள். காலியான வீடுகள் தங்கும் விடுதிகளாயின. கட்டடம் காப்பாற்றப்பட்டது. அதில் இருந்தவர்களைக் காப்பாற்றுவது வேறு வேலை, அது இன்னும் பாக்கி இருக்கிறது. நானும் அப்படி ஒரு வீட்டில்தான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இனி பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் நடப்பேன்.

ஒரு புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் எடுத்துக்கொள்ளும் விஷயத்தை அந்தப் பெண் பதினெட்டு விநாடி ஒலியில் வைத்துவிட்டாள். வெளியூர் ஓவியர் எவ்வளவு பெரிய திறமைக்காரராக இருந்தாலும் அந்த ஒலியை அவரால் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. ராத்திரி அதைக் கேட்டு விழித்தவளுக்குத்தான் அது தெரியும்.

சாயங்காலம் தோழி வீட்டில் எல்லாப் பதிவுகளையும் யூமேப்பில் சேர்த்தோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் நாமே புள்ளி வைத்து, படமும் ஒலியும் இணைத்துக்கொள்ளும் இலவசக் கருவி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இலிருந்து உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடம் என்பதால், அதில் இல்லாத சந்துகளை நாமே சேர்க்கலாம். அந்தப் பெண்ணின் வீட்டுச் சந்தும், அதில் ஒரு சின்ன முட்டுச் சந்தும் வரைபடத்தில் இல்லை. அவளே கோடு போட்டுச் சேர்த்தாள். பிள்ளைகளின் நோட்டு வரைபடங்களைப் படமெடுத்து அந்தந்தப் புள்ளியில் வைத்தோம். புள்ளியைத் தொட்டால் முதலில் வரைந்தது தெரியும், அப்புறம் ஒலி கேட்கும்.

ஞாயிறு

ஹின் பஸ் டிப்போ. 1947-இல் பஸ் நிறுத்துவதற்குக் கட்டிய இடம், 2014-லிருந்து கலைக்கூடம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூட்டம். நல்ல இடம், நல்ல காப்பி. பிள்ளைகளுக்கு இரண்டு ஸ்கெட்ச் நோட்டு வாங்கினேன்.

பிற்பகல் சூ ஜெட்டி என்ற படகுத்துறைக் குடியிருப்பு. கடலுக்குள் தூண் நட்டு அதன்மேல் பலகை வீடுகள். லிம், சூ, தான், லீ, யோ என்று ஒவ்வொரு சீனக் குடும்பப் பெயருக்கும் ஒரு ஜெட்டி. கொய் குடும்பத்தின் ஜெட்டி 2006-இல் அடுக்குமாடிக்காக இடிக்கப்பட்டது, அதை இனி யாரும் வரைந்துதான் காட்ட வேண்டும். சூ ஜெட்டியின் பலகைப் பாதையில் பாதி வீடுகள் கடைகளாகிவிட்டன. சில வீட்டு வாசல்களில் படம் எடுக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துக்குக் கீழே நின்றே ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் போனைப் பையில் போட்டுவிட்டு, கடைசிப் பலகை வரை போய், சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

திங்கள்

தர்காவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கடை. இங்கே ஆண்கள் தொழுகைக்கும் விசேஷத்துக்கும் போடும் சொங்கோக் தொப்பி தைக்கும் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். தோழிதான் அறிமுகம் செய்து வைத்தார். நாகப்பட்டினம் என்றதும், "எந்தத் தெரு புள்ள?" என்றார். சொன்னேன். "கடற்கரைக்குப் போற வழிதானே?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ஒலி பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். மூஞ்சியைப் படம் எடுக்காதே, கையை எடு, சத்தத்தை எடு என்றார். சரி, மாமா என்றேன்.

தொப்பி கறுப்பு வெல்வெட்டில் வெளியே தெரிகிறது. உள்ளே அது நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் காகிதம். பழைய செய்தித்தாளை நீளவாட்டில் மடித்து, மேலே மேலே வைத்து, வெல்வெட்டுக்கும் உள்துணிக்கும் நடுவில் செருகி, பெடல் மிஷினில் நெருக்கமாக வரிசை வரிசையாகத் தைக்கிறார். ஊசி துணியில் இறங்கும்போது சத்தமில்லை, காகிதத்தில் இறங்கும்போது மொறுமொறுவென்று ஒரு சத்தம். மடிப்பு கூடக்கூடச் சத்தம் தடிக்கிறது. மைக்குக்கு மேல் கைக்குட்டையைப் போட்டு, மிஷினுக்கு ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்தேன். தைத்து முடித்ததும் பட்டையை விரலால் சுண்டிப் பார்த்தார். அந்த 'டப்' சத்தம் சரியாக வரவில்லை என்று இன்னொரு மடிப்பு வைத்தார். அவர் தரத்தைப் பார்ப்பது காதால்தான். ஒரு சீனச் செய்தித்தாள், ஒரு மலாய்ச் செய்தித்தாள், ஒரு தமிழ்ச் செய்தித்தாள், எது கிடைக்கிறதோ அது. யார் தலையில் எந்த மொழி இருக்கிறது என்று போட்டிருப்பவருக்கே தெரியாது.

பதிவைப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "இது என் மிஷினா?" என்றார். இன்னொரு தடவை கேட்டார். இத்தனை வருஷம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தவருக்குத் தள்ளி இருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார்.

சின்ன வயசில் வாப்பாவோடு ரஜுலா கப்பலில் வந்தவர். 1926-இல் ஓடத் தொடங்கிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எங்கள் ஊரின் எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. "நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது. தூரமா நிக்கும். படகுல போயி ஏணியில ஏறணும். அலை தூக்குறப்போ ஏணியைப் பிடிக்கணும். படகுக்காரன் 'இப்ப!'ன்னு ஒரு சத்தம் போடுவான். அந்தச் சத்தம் இன்னும் இருக்கு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ரஜுலாவுக்குப் பிறகு சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985-இல் அது நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே நின்றுவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கப்பல்களின் பெயர்கூடத் தெரியாது. பெரியவர்களில் சிலருக்குத் தெரியும், யாரும் கேட்பதில்லை.

அந்த 'இப்ப!'வை ஒரு தடவை அப்படியே சொல்லிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். மிஷினை நிறுத்தினார், தொண்டையைச் செருமினார், தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் கொடுத்தார். எதிர்க்கடைப் பையன் ஓடி வந்துவிட்டான்.

பதிவின் பிரதியை அவர் பேரனின் போனுக்கு அனுப்பினோம். பெயரை வரைபடத்தில் போட வேண்டாம், 'நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்' என்று மட்டும் போடு என்றார். அப்படியே போட்டிருக்கிறோம்.

செவ்வாய்

கிளம்பும் நாள். காலையில் தோழியின் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகளுக்கு மிஷின் ஒலியையும் படகுக்காரரின் குரலையும் போட்டுக் காட்டினோம். இரண்டாவது பதிவைக் கேட்டதும் வகுப்பே 'இப்ப!' என்று கத்த ஆரம்பித்துவிட்டது, தோழி கதவைச் சாத்தினார்.

பிள்ளைகள் நாகப்பட்டினத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். வரைபடத்தில் படகு ஏறிய இடத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள், எங்கள் பக்கம் அதற்கு ஒரு புள்ளியும் இல்லை. "ஜனங்க படகுல ஏறின இடம் எது? அங்க இப்ப என்ன சத்தம் கேக்குது?" என்று ஒரு பையன் மலேசியத் தமிழில் பேசிப் பதிவு செய்து கொடுத்தான். பெட்டிச் சக்கரத்தைப் பதிவு செய்த பெண் ஒரு படம் வரைந்து தந்தாள்: தூரத்தில் கப்பல், நடுவில் படகு, கரையில் ஒன்றுமில்லாமல் வெள்ளையாக விட்ட இடம். அந்த வெள்ளையை எங்கள் பிள்ளைகள் நிரப்பி அனுப்ப வேண்டுமாம்.

வருகிற சனிக்கிழமை எட்டாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு பழைய துறைமுகப் பக்கமும் கலங்கரை விளக்கம் பக்கமும் போகிறேன். முதல் கால் மணி நேரம் போன் கிடையாது. பிறகு படகு ஓட்டிய குடும்பங்களில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். அக்கரைப்பேட்டையில் ஒரு பாட்டி இருப்பதாக ஒரு பிள்ளையின் அம்மா இப்போதே செய்தி அனுப்பியிருக்கிறார். ரஜுலாவிலோ சிதம்பரத்திலோ போன யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து வையுங்கள். டிக்கெட், டிரங்குப் பெட்டி, கப்பலில் எடுத்த படம் எதுவானாலும் சொல்லுங்கள். பிள்ளைகளோடு வந்து பார்க்கிறோம்.